உப்பு முப்பத்தைந்து

உவர்மலையில் ஜன்னலைத் திறந்தால் கடல்.
நான் வாளியில் கடல் கலக்குகிறேன்:
வடித்த தண்ணீர், பொதி உப்பு,
மானியில் முப்பத்தைந்து வரும்வரை.
விரிகுடாவை அள்ளலாம்தான்,
அதில் டீசல் மினுங்குகிறது.

கொம்புப் பவளம் இப்போது வேண்டாம் என்றான் இம்தாத்.
அது உன் நித்திரையைக் கேட்கும்.
மூளைப் பவளம் எடு, பொறுத்துக்கொள்ளும்.
நான்தான் பொறுக்கவில்லை.
இரண்டும் வாங்கினேன்,
அவன் தொட்டியில் வளர்ந்து ஒடித்தவை.
சுண்டுவிரல் நகமளவு கொம்பு,
சூப்பர் குளூவில் நின்றது
பத்து நாள்.
பிறகு அடியிலிருந்து வெளுத்தது.
இம்தாத் சிரிக்கவில்லை. அதுதான் சுட்டது.

சித்திரை வெயில்.
ஊருக்கெல்லாம் ஃபிரிட்ஜ் திருத்துகிறவன் வீட்டில்
தொட்டி முப்பது பாகை.
என் பட்டறை முழுக்கச் செப்புக் குழாய்;
செம்பு பவளத்துக்கு நஞ்சு.
இருபது வருடத் தொழில் கையைக் கட்டி நிற்க,
மேசை விசிறியைத் தண்ணீரின்மேல் திருப்பினேன்.
இருபத்தேழரை.

இரவில் சுண்ணாம்புத் தெளிவு,
சேலைன் குழாயில்
மூன்று விநாடிக்கு ஒரு சொட்டு.
அதைக் குடித்துத்தான் எலும்பு கட்டுமாம்.

மதுராங்கி சுவரில் சாய்ந்து பார்த்திருந்தாள்.
"இந்தச் சுவருக்கு எத்தனை வண்டி
முருகைக்கல் சுட்டிருப்பார்கள்?"
தெரியாது என்றேன்.
சொட்டை எண்ணுவது தவறிவிட்டது.

மின்வெட்டு.
விசிறி நின்றது. பற்றரியில் காற்றுக் குமிழ் மட்டும்.
டோர்ச்சைச் சிவப்புத் தாளால் மூடிப் பார்த்தோம்:
மூளையின் மடிப்புகளிலிருந்து
கண்ணாடி விரல்கள்,
ஒவ்வொன்றாய், பசித்து.

மின்சாரம் வந்தது.
ஒருவரும் லைட்டைப் போடவில்லை.