பலகை பழுது

மன்றத்துக்குப் பொன்விழாவாம்.
மலரில் போட ஒரு பக்கம் வரலாறு வேண்டுமாம்.
"நீ பி.காம். படிச்சிக்கீற, கையெழுத்தும் நல்லா கீது"
என்று பீரோ சாவியைத் தந்தார் தலைவர் டில்லிபாபு.

மினிட் நோட்டுகள் ஆறு.
முதல் நோட்டில் எலி தின்றது போக மிச்சம்:
வெற்றிவேல் வாலிபர் மனமகிழ் மன்றம்,
இறையங்குப்பம், பள்ளிகொண்டா வழி.
ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் தொடக்கம்.
உறுப்பினர் பதினொருவர், சந்தா ஐம்பது காசு.
சுபேதார் ஜெயவேலு லீவில் வந்தபோது கொடுத்த
டிரான்சிஸ்டர் ஒன்று.
செய்தி நேரத்தில் பேசினால் பத்துக் காசு அபராதம்.
மன்றத்துப் பேப்பரில் வேர்க்கடலை மடித்துப் போன
தேசிங்குக்கு ஒரு வாரம் தடை.
சுவரில் தலையெண்ணெய்க் கறை யாருடையது
என்று கண்டறிய மூவர் குழு.
(குழு அறிக்கை எந்த நோட்டிலும் இல்லை.)

சிரித்துக்கொண்டேதான் புரட்டினேன்,
1981 ஏப்ரல் வரை.

குண்டூசி துருப்பிடித்து ஒட்டிய ஒரு மனு.
காலனியிலிருந்து ஏழு பேர்,
ஆறு கையெழுத்து, ஒரு கைநாட்டு.
எங்களையும் சேர்த்துக்கொள்ளவும்,
சந்தா மூன்றரை ரூபாய் இத்துடன்.
அடுத்த பக்கத்தில் தீர்மானம்:
கேரம் பலகை பழுதானபடியால்
மறு அறிவிப்பு வரை எவரும் ஆடலாகாது.
புதிய உறுப்பினர் சேர்க்கை அதன் பின்.

பதினான்கு மாதம் பழுது.

கணக்குப் படித்தவள் செலவுப் பக்கம் போகாமல் இருப்பாளா?
மே: கேரம் பவுடர் ஒரு டப்பா.
ஜூன்: பவுடர் ஒரு டப்பா.
ஆகஸ்ட்: பவுடர், புது ஸ்ட்ரைக்கர்.
தச்சருக்கு என்று ஒரு காசு இல்லை.
அந்த மூன்றரை ரூபாய் வரவிலும் இல்லை,
திருப்பித் தந்ததாகவும் இல்லை.
மாதாமாதம் ஒரு வரி மட்டும் மாறவில்லை:
கூட்டுபவளுக்கு, ரூ. 3.

கூட்டுபவள் என் அம்மா.
வீட்டில் கேட்டேன்.
"பழுதா? காலைல பவுடரைத் தொடைக்கிறதே நான்தான.
கறுப்புக் காயெல்லாம் வெள்ளையா கெடக்கும்"
என்றாள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மீதியை அவளே சொன்னாள், விளம்பர இடைவேளையில்.
தோல் ஷாப்பில் கூலி வாங்கின கையோடு
பொன்னுரங்கமும் சாமுவேலும் வேலூர் லாங் பஜாரில்
பழைய பலகை ஒன்று வாங்கி
பஸ் மேலே ஏற்றி வந்தார்களாம்.
காலனி விளக்குக் கம்பத்தடியில் ராத்திரி ஆட்டம்.
பூச்சி விழுந்தால் அதுவும் ஒரு காய்.

மாவட்டப் போட்டிக்கு ஒரு மன்றத்தின் பெயர் வேண்டும்.
முத்திரை குத்தித் தந்தார் அன்றைய செயலாளர்,
கோப்பை வந்தால் மன்றத்துக்கு என்று எழுதி வாங்கிக்கொண்டு.
வந்தது.
அதே பீரோவில் இருக்கிறது இப்போதும்.
அடியில் மன்றத்தின் பெயர்,
இரட்டையர் பிரிவு, 1986.
எந்த இரட்டையர் என்று இல்லை.

எழுதிக் கொண்டுபோய் வைத்தேன்.
டில்லிபாபு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டினார்.
"இது மலருக்கா?"
"அந்தப் பலகை நெஜமாவே கொஞ்சம் மேடுபள்ளம்தாம்மா"
என்றார் ஏகாம்பரம்.
மின்விசிறி நின்றது. யாரும் கரண்ட்டைத் திட்டவில்லை.
தீர்மானம்: விளம்பரங்கள் மிகுந்தபடியால்
வரலாற்றுப் பக்கம் இடம்பெறாது.
நீயே எழுதிடும்மா, உன் கையெழுத்துதான் நல்லா கீது.

எழுதினேன்.
அவர்கள் சொன்னபடி, ஒரு எழுத்து மாறாமல்.

பிறகு வரவுப் பக்கத்தைத் திருப்பி
இன்றைய தேதியிட்டுப் பதிந்தேன்:
தாமத வரவு, 1981ஆம் ஆண்டுச் சந்தா, ஏழு பேர்.
பொன்னுரங்கம், சாமுவேல், ஆதிமூலம், தணிகாசலம்,
ராஜகண்ணு, சின்னப்பையன், கைநாட்டு வைத்த மாசிலாமணி.
ரூ. 3.50.
செலவுப் பக்கத்தில், பழைய வரிகளின் ஓரத்தில்,
கூட்டுபவளுக்கு என்ற இடத்தில் எல்லாம்
ஊதா மையில் கன்னியம்மா, கன்னியம்மா என்று
கை வலிக்கும் வரை.

கையிருப்பில் மூன்றரை ரூபாய் இடிக்கிறது.
ஆடிட்டர் வந்து கேட்கட்டும்.