நின்ற காரணம்

சத்தியவேடு முக்கில்
திடீரென்று வண்டியை நிறுத்தச் சொன்னார்
லியாங் ஷுவோ.
போன் கம்பெனிக்கு மிஷின் பூட்ட வந்த இன்ஜினியர்,
ஊர் சோங்சிங்.
அங்கே மாடிக் குடியிருப்பின் வயிற்றுக்குள் புகுந்து
ரயில் மறுபக்கம் வெளியே வருகிறது.
வீடியோ காட்டினார்.
நான் வாயைப் பிளந்தேன்,
அவர் கொட்டாவி விட்டார்.

இன்று அவர் வாய் பிளந்து நிற்பது
பெஞ்சலய்யா லாட்ஜுக்கு எதிரில்.
முகப்பெல்லாம் வெள்ளை டைல்ஸ்,
நீலக் கண்ணாடி ஜன்னல்,
உச்சியில் எதற்கென்றே தெரியாத
ஒரு தகர உருண்டை.
கக்கூசை உள்வெளியாகத் திருப்பிப் போட்ட கட்டடம்
என்பது எங்கள் டிரைவர்கள் கிண்டல்.

மொழிபெயர்க்கும் போன்
பெண்குரலில் சொன்னது:
"இது என் பள்ளிக்கூடம்.
இது அப்பா வேலை பார்த்த தபால் ஆபீஸ்.
இரண்டாயிரம் பிறந்தால்
உலகமே இப்படி ஆகிவிடும் என்றார்கள்.
எல்லாவற்றையும் இடித்தாயிற்று.
நான் எதிர்காலத்தில் சிறுவனாக இருந்தேன்."

போன் உளறுகிறது என்று
திரும்பச் சொல்லவைத்தேன்.
அதையேதான் சொன்னது.

"ஏமி சார், ரூம் காவாலா?"
பெஞ்சலய்யா வெளியே வந்தார்.
அடுத்த மாசம் டைல்ஸை உடைத்துவிட்டு
பளபளவென்று ஷீட் அடிக்கப்போகிறாராம்,
சைனாக்காரர்கள் தங்க வருவார்களே என்று.

அதை நான் லியாங்கிடம் சொல்லவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு ரூம் எடுத்தார்.
முதல் மாடி நீலத்துக்குப் பின்னால்
அசையாமல் ஓர் உருவம்.
லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

டிரிப் ஷீட்டில்
'நின்ற காரணம்' என்ற கட்டத்தில்
பஞ்சர் என்று எழுதினேன்.