ஒன்றுக்கு ஐம்பது

பலதியாவிலிருந்து திரும்பிவிட்டது ஃபைல்.
சிவப்பு மையில் இரண்டு வரி:
ஏ-ஒன் தாள் போதாது, ஏ-ஜீரோவில் வேண்டும்.
ஒன்றுக்கு நூறு அல்ல, ஒன்றுக்கு ஐம்பது.

வியாழன் மாலை ஐந்தரை.
தோஹாவில் பாதிப்பேர் கார்னிஷுக்குக் கிளம்பியிருப்பார்கள்.
எஞ்சினியர் ஹுஸாம் கார்ச்சாவியைச் சுழற்றியபடி சொன்னார்:
"பெரிசாக்கணும், அவ்வளவுதானே.
ஒரு பட்டன் வேலை."

பட்டன் வேலைதான்.
கட்டடம் உள்ளே எப்போதும் முழு அளவில்தான் கிடக்கிறது,
சுவர் இருநூறு மில்லி என்றால் இருநூறேதான்.
பார்க்கிற ஜன்னல்தான் கிட்டே போகிறது.
ஆனால் எழுத்து?
நூறில் இருநூற்றைம்பது உயரம் நிமிர்ந்து நின்றது
ஐம்பதில் நூற்றிருபத்தைந்துக்குக் குனிய வேண்டும்.
குனியாவிட்டால்
'படுக்கையறை 14' என்ற பெயரே
படுக்கையறை 14-ஐ அடைத்துக்கொள்ளும்.
படம் வளர வளரப் பெயர் சிறுக்கும் என்பதை
கார் ஸ்டார்ட் பண்ணிவிட்டவருக்கு எப்படி விளக்குவது.
ரோடெல் எதுவும் கேட்கவில்லை,
உலர்ந்த மாங்காயை மென்றபடி
தரையோடுகளின் கட்டங்களைப் பாதியாக்கிக்கொண்டிருந்தான்.

அடுத்த கணக்கு உதைத்தது.
தாள் இரண்டு மடங்கானபோது
படம் நாலு மடங்காகிவிட்டது.
வெட்டித்தான் ஆகணும்.
மேட்ச் லைன் போட்டேன்,
அது நேராகப் போய்ப் பதினாலாம் அறையில் இறங்கியது:
கட்டில் ஒரு தாளில், தலையணை மறுதாளில்.
தொடர்ச்சிக்கு அடுத்த தாள் பார்க்க.

பதினாலை எனக்குத் தெரியும்.
சனாயியாவில் கம்பெனி எங்களுக்குக் கட்டிய கேம்ப் இது.
கட்டடம் வந்து மூணு வருஷம், காகிதம் இப்போதுதான் போகிறது.
கோட்டை வராந்தாவுக்குத் தள்ளினேன்.

நூறில் பார்த்தபோது அறை நிரம்பியிருந்தது.
மூன்று இரட்டைக்கட்டில், ஓர் அலமாரி, கால்வட்டமாய்க் கதவு,
கறுப்பாக, நெருக்கமாக, நம்பும்படியாக.
ஐம்பதில் நிரம்பவில்லை.
கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே வெள்ளையாய் ஓரிடம்.
ஏசி சொட்டுகிற இடம்.
அங்கே கீழ்க்கட்டிலில் அமலதாஸ்,
மேல்கட்டிலில் நான்.

ஹுஸாமுக்கு போன் போட்டேன்.
பின்னால் குழந்தைகள் சத்தம்.
"ஆறு பேருக்குத்தான் அனுமதி. ஆறுதான் வரையணும்."
கோபமெல்லாம் இல்லை,
பார்க்கிங் தேடிக்கொண்டிருந்தார்.

அச்சில் விழாத லேயர் ஒன்று உண்டு.
திரையில் தெரியும், தாளுக்கு வராது.
அதில் நாலாவது கட்டிலை வரைந்தேன்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்குத் தொள்ளாயிரம்.
அமலதாஸின் சூட்கேஸ்.
என் செருப்பு, அதற்கு பிளாக் கிடையாது,
பாலிலைனில் வளைத்து வளைத்துப் பத்து நிமிஷம்.
ரோடெல் எட்டிப் பார்த்தான்.
மவுஸை என் கையிலிருந்து வாங்கி
கதவை முழுசாகத் திறந்து காட்டினான்.
கட்டில்காலில் இடித்தது.
"கரெக்ட்," என்றேன்.
விடிகாலை மூணு மணி ஷிஃப்டுக்குப் பீர் முகம்மது கிளம்பும்போது
இடிப்பதும் அதே இடம்தான்.

பதினொன்றரைக்கு பிளாட்டர் துப்பி முடித்தது.
வெள்ளை இடம் வெள்ளையாகவே வந்திருந்தது,
முன்பைவிட நன்றாகத் தெரிந்தது.
ஆளுக்கொரு முனை பிடித்து
ஏ-ஜீரோவை ஏ-ஃபோர் அளவுக்கு மடித்தோம்,
தலைப்புக்கட்டம் மேலே வரும்படி.
வரைந்தவர்: என் இனிஷியல், இரண்டரை மில்லி.

கம்பெனி பஸ் போய்விட்டிருந்தது.
பதினாலில் விளக்கு அணைந்திருந்தது.
கதவைப் பாதி திறந்து பக்கவாட்டில் நுழைந்தேன்.
"இவ்வளவு நேரமா என்ன வேலை?" இருட்டில் அமலதாஸ்.
"நம்ம ரூமைப் பெரிசாக்கிட்டு வர்றேன்."
அவன் காலை மடக்கிக்கொண்டான்,
நான் ஏணியில் கால் வைக்க.