பூட்டுக்காரனின் முகப்புப் பக்கம்

மைனஸ் இருபத்திரண்டு டிகிரி.
வடக்குப் பின்லாந்து, ஔலு நகரம்,
துய்ரா பாலம் தாண்டி ஒரு தெருமுனை.
இரவு பதினொன்றே முக்காலுக்கு
என் வேன் தானாகப் பூட்டிக்கொண்டது.
சாவி உள்ளே. கையுறை உள்ளே. கைபேசியும் உள்ளே.
இருபத்தாறு வருடம் அடுத்தவர் கதவைத் திறந்த
அத்தனை கருவிகளும் உள்ளே,
மஞ்சள் பெட்டியில், ஒழுங்காக.

ஊருக்கெல்லாம் குறி சொன்ன பல்லி
கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.
சிரித்தேன்.
பல் கூசியதும் நிறுத்திவிட்டேன்.

நாயோடு ஒரு பெண் வந்தாள்.
பெயர் சோயிந்து என்றாள், நான் கேட்காமலே.
அவள் கைபேசியில் ஒன்பது சதவீதம் சார்ஜ்.
"பூட்டுக்காரரைக் கூப்பிடலாமே."
கூப்பிடலாம். கடையில் ஹில்க்கா விழித்திருப்பாள்.
ஆனால் எண்?
இப்போதெல்லாம் யார் மனப்பாடம் செய்கிறார்கள்?
கடையின் பெயரைச் சொன்னேன்.
கடை என்னுடையது என்று சொல்லவில்லை.
வேன் வாடகை வேன், அதுவும் காட்டிக்கொடுக்கவில்லை.

அவள் என் தளத்தைத் திறந்தாள்.

முதலில் பித்தளைச் சாவி. முழுத்திரைக்கு.
மெல்லச் சுழலும்.
மூன்று வாரம் உட்கார்ந்து நானே செய்தது.
மேல் கால்வாசி வந்தது, பிறகு நின்று யோசித்தது.
எட்டு சதவீதம்.
அடுத்து ஒரு பெட்டி குதித்து வந்து
மின்னஞ்சல் முகவரி கேட்டது.
அதை மூடும் பெருக்கல் குறியோ கடுகளவு,
விறைத்த விரலுக்கு அகப்படவில்லை.
அப்புறம் என் அப்பா,
அறுபத்தொன்றில் கடை தொடங்கிய வரலாறு,
பனியில் பால் சிந்திய நிறத்தில் எழுத்து.
"யாருக்கு வேணும் இது?" என்றாள் சோயிந்து,
நாயிடம் கேட்பதுபோல.

கீழே போனாள். இன்னும் கீழே.
"கிறிஸ்துமஸ் விடுமுறை" என்றது ஒரு சிவப்புப் பட்டை,
மூன்று வருடம் முந்திய கிறிஸ்துமஸ்.
"மூடிட்டுப் போயிட்டாங்க போலிருக்கு.
வேற ஆளைப் பார்ப்போமா?"

இல்லை, இருக்கிறார்கள் என்று
தொண்டை வரை வந்தது.

எண் கடைசியில் அகப்பட்டது.
வரைபடத்துக்கும் கீழே, ஒரு படத்துக்குள்.
அவள் தொட்டாள். ஒலிக்கவில்லை.
அழுத்தினாள். படம் பெரிதானது, அவ்வளவுதான்.
ஐந்து சதவீதம்.
நான் வேனின் கண்ணாடிக்குத் திரும்பி
உறைபனியில் விரலால் எழுதினேன்,
அவள் வாசிக்க வாசிக்க,
ஒவ்வொரு இலக்கமும் உள்ளங்கை அளவுக்கு.
பிறகு அதைப் பார்த்து அழுத்தினாள்.

ஹில்க்கா நாற்பது நிமிடத்தில் வந்தாள்.
என் எதிரில் சிரிக்கவில்லை.
அவள் காருக்குள் போய்ச் சிரித்தது
கண்ணாடி வழியே தெரிந்தது.

மறுநாள் கடை திறக்கவில்லை. தளத்தைத் திறந்தேன்.
எண்ணை உச்சியில் வைத்தேன்,
கட்டைவிரல் அகலத்தில்,
தொட்டால் உடனே மணி அடிக்கும்படி.
அதன் கீழ் மூன்று வரி:
எந்தப் பகுதிக்கு வருவோம்,
எத்தனை நிமிடமாகும்,
நள்ளிரவில் எவ்வளவு யூரோ.
விலையைச் சொன்னால் ஆள் ஓடிவிடுவார் என்று
இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்தேன்.
ஓடுகிறவர் ஓடட்டும்,
வாசலில் வந்து சண்டை போடுவதைவிட மேல்.
எழுத்து கறுப்பு. பின்னணி வெள்ளை.
குதிக்கும் பெட்டியைக் கொன்றேன்.
விடுமுறைப் பட்டையைக் கிழித்தேன்,
இனி தேதி போட்டால்
எடுக்கும் நாளையும் நாட்காட்டியில் எழுதுவதாக
ஹில்க்காவிடம் சத்தியம்.
சாவியை நீக்கத்தான் மனம் வரவில்லை.
இரண்டு முறை நீக்கி இரண்டு முறை திரும்ப வைத்தேன்.
மூன்றாவது முறை காபி குடிக்கப் போய்விட்டேன்,
ஹில்க்கா நீக்கினாள்.

சாயங்காலம் ரக்சிலா நிறுத்தத்தில்
பணி முடித்து நின்ற பேருந்து ஓட்டுநர் ஒருவரிடம்
என் பழைய கீறல் விழுந்த கைபேசியைக் கொடுத்தேன்.
"வெளியே மாட்டிக்கொண்டீர்கள். என்ன செய்வீர்கள்?"
அதற்குமேல் வாய் திறக்கவில்லை.
அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை.
நான்கு நொடியில் என் சட்டைப்பையில் மணி அடித்தது.

அப்பா இப்போது உள்பக்கத்தில் இருக்கிறார்,
"எங்களைப் பற்றி" என்ற சின்னக் கதவுக்குப் பின்னால்.
போன மாதம் மூன்று பேர் திறந்தார்கள்.
ஒருவன் நான்.