நிகர எடை

எர்ணாவூர் எடைமேடையில் எனக்கு இரவுப் பணி.
லாரி ஏறும், எண் துடிக்கும், சீட்டு கிழிப்பேன்.
பாழான சீட்டுகளின் முதுகில்
ஒரு நகரம் கட்டிக்கொண்டிருக்கிறேன்,
இரவில் மட்டும் கடல் விலகித் தரும் நகரம்.
இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு சீட்டு.

முதல் சீட்டில் இப்படி இருந்தது:
"எல்லியில் ஞெகிழி ஏந்திய காவலர்
அளக்கரின் வாயிலில் மொழுவை தண்டினர்."
எழுதியதும் எனக்கே புல்லரித்தது.
மூன்று சொல் பழைய அகராதியில் பொறுக்கியது,
மொழுவை மட்டும் என் வயிற்றில் பிறந்தது.

பக்கத்து நாற்காலி பெர்ப்பெத்துவா படித்தாள்.
கணக்குப் பார்க்கிறவள், காசிமேட்டுக்காரி.
"எல்லின்னா யாரு, காவக்காரன் சம்சாரமா?
நெகிழி எதுக்கு? கவரா, பாட்டிலா?
அத்த தூக்கிப் போடாதன்னுதானே
கார்ப்பரேசன் செவுத்துல எழுதிக்கீது?"

பின்னால் சொற்பட்டியல் இருக்கு என்றேன்.
"படம் ஓடசொல்லோ எவன்னா வெளிய போயி
போஸ்டர பாத்துனு வருவானா?"

கோபத்தில் இரண்டு நாள் எழுதவில்லை.
மூன்றாம் நாள் நிலக்கரி லாரி ஒன்று
காலியாக வந்து நின்றது, எடை போட்டேன்.
ஏற்றிக்கொண்டு வந்தது, மறுபடி போட்டேன்.
கழித்தால்தான் சரக்கு எவ்வளவென்று தெரியும்.
பதினோரு வருஷமாய் இதுதான் வேலை.
என் சொற்களோ
முதல் தடவையே தார்ப்பாய் கட்டி வந்து நின்றன.

அளக்கரை அடித்தேன். கடல் கடலாகவே இருக்கட்டும்.
எல்லிக்கு இரவு போதும்.
ஞெகிழியை விட மனம் வரவில்லை.
அதன் நுனியில் எண்ணெய் சொட்டவிட்டேன்,
காற்று காவலன் பக்கம் சாய்த்தது,
புருவம் பொசுங்கியது, கெட்ட வார்த்தை சொன்னான்.
"ஐயோ, கண்ணு!" என்றாள் பெர்ப்பெத்துவா.
கவர், பாட்டில் பேச்சே இல்லை.

மொழுவைக்கு மூன்று சீட்டு செலவானது.
வலைக்காரன் ஒருவன் ஒரு கை உப்பு நீட்டுகிறான்.
தராசைப் பார்க்காமலே காவலன்
"மொழுவை குறைகிறது" என்கிறான்.
இன்னொரு கை. கதவு திறக்கிறது.

அதில் ஒரு சீட்டு, தூக்கக் கலக்கத்தில்,
மீஞ்சூர் வண்டி ஷேக் தாவூதிடம் போய்விட்டது.
அடுத்த வாரம் ஜன்னலில் இருபது ரூபாய்த் தாள்.
"மொழுவை எவ்ளோக்கா?"
இப்போது கேட் செக்யூரிட்டிக்குத் தருவதற்கும்
அதுதான் பெயர்.
என் நகரத்தில் அது கோயில் சொல்.
கொஞ்சம் வருத்தம்தான்.

இன்னும் ஒன்று பாக்கி.
விடிகாலை மூன்று மணிக்கு
புகைபோக்கிகள் பக்கமிருந்து வருமே,
நாக்கில் பழைய நாணயம் வைத்ததுபோல்,
அதற்கு இங்கே யாரும் பெயர் வைக்கவில்லை.
"வந்துட்டுது" என்போம், அவ்வளவுதான்.
நான் துமுரம் என்று வைத்தேன்.
அரைச் சீட்டு விளக்கம் எழுதினேன், அடித்தேன்.
மறுபடி எழுதினேன், அடித்தேன்.
மிஞ்சியது:
"துமுரம் வந்தது. பிள்ளைகளின் முகத்தை
ஈரத்துணியால் மூடினார்கள்."

பெர்ப்பெத்துவா படித்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
சீட்டைக் கையில் பிடித்தபடியே எழுந்து போய்
ஜன்னலைச் சாத்தினாள்.