மலை இடப்பக்கம்

கோயம்புத்தூர் டாக்டர் படத்தை
வெளிச்சப் பெட்டியில் செருகிவிட்டு
"குருத்தெலும்பு" என்றார்.
அதில் பாதிச் சொல் எனக்குத் தெரியும்.
பதினெட்டு வருடமாகக் குருத்துதான் கிள்ளுகிறேன்,
இரண்டு இலை, ஒரு மொட்டு.
விட்டால் பத்தாம் நாள் முற்றிவிடும்,
முற்றினதைப் போட்டால் கணக்குப்பிள்ளை எடையில் வெட்டுவார்.
இவளுக்குள்
முற்றவே மாட்டேன் என்கிறது.

எலும்பாகியிருக்க வேண்டியது
ஆகாமல் அங்கங்கே தங்கிவிட்டதாம்.
இடது தொடையில், முழங்காலுக்குக் கீழே, பாதத்தில்,
இடது கையில் மட்டும் ஏழு.
லட்சத்தில் ஒரு பிள்ளைக்கு வருமாம்.
கோத்தகிரியில் லட்சம் பிள்ளைகள் ஏது என்று
மேட்டுப்பாளையம் தாண்டி வளைவுக்கு வளைவு
எண்ணிக்கொண்டே வந்தேன்.
அவள் ஜன்னலோரம் வாந்தி எடுத்தாள்.

"கெட்ட கட்டி இல்லை."
மூன்று முறை சொன்னார்.
பிறகு குரலைத் தணித்து,
"பெரியவளான பிறகு எப்போதாவது ஒன்று மாறலாம்,
பார்த்துக்கொண்டே இருக்கணும்."
மருந்து?
அதுதான். பார்ப்பது.

லயன் பிள்ளைகள் அவள் விரல்களை
இஞ்சி என்கிறார்கள்.
ஞாயிற்றுச் சந்தையில் ஒரு துண்டு எடுத்துத்
தன் கையோடு வைத்துப் பார்த்தாள் நிரோஷினி.
"இஞ்சிக்கு நகம் இல்லைம்மா."
கடைக்காரர் காசு வாங்கவில்லை.
அதை எந்தக் குழம்பிலும் போட மனசு வரவில்லை.

இடது கால் மூன்றரை சென்டிமீட்டர் குறை.
குன்னூரில் ஷூவுக்கு அடியில் ரப்பர் ஒட்டிக் கொடுத்தார்கள்,
ஜூன் மழையில் பிரிந்து ஓடையோடு போனது.

பள்ளிக்கூடத்துப் பாதை சரிவின் குறுக்கே.
போகும்போது மலை இடப்பக்கம்.
குட்டைக் காலுக்கு மேட்டு மண் கிடைக்கும்,
இடுப்பு நேராகும்,
ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
வரும்போதுதான்
பள்ளமும் குறையும் ஒரே காலில் சேரும்.

போன மாதம் நாலாம் நம்பர் மலையில்
கொழுந்தெடுக்கையில் பார்த்தேன்.
நாலரை மணி. பனி இறங்கியிருந்தது.
புத்தகப் பை வயிற்றில் தொங்க
பின்பக்கமாகவே நடந்து வருகிறாள்,
அந்த இடது கை
மேட்டுச் செடிகளைத் தடவியபடி.
கங்காணி விசிலடித்தான்.
"விழப் போறடி" என்று கத்த வாயெடுத்தேன்.
ஒரு வளைவு தாண்டினாள், இன்னொன்று தாண்டினாள்.
இடுப்பு நேராக இருந்தது.
மலை
அவளுக்கு இடப்பக்கம் இருந்தது.

இப்போதெல்லாம்
அவள் முதுகுதான் முதலில் வீட்டுக்கு வருகிறது.
இரட்டைப் பின்னல், அவிழ்ந்த ரிப்பன்,
கடைசியாக முகம்.
வாசலில் இருக்கிற தண்ணி டிரம்மை
நான் இடம் மாற்றுவதில்லை.