சந்தி பிரித்த பதிப்பு

வேலந்தாவளம் வாசகசாலைக்குக்
கவிஞரின் முழுத் தொகுதி வாங்க
கிராண்டில் மிச்சம் ஆயிரத்து நூறு.
கோவைக் கடையில் இரண்டு இருந்தன.

ஒன்று சந்தி பிரித்தது,
சொல்லுக்குச் சொல் ஒரு செக்போஸ்ட்.
மற்றது ஏட்டில் உள்ளபடி,
ராத்திரி மணல் லாரி போல
நிற்காமல் ஓடுகிற வரி.

பதினெட்டு வருஷம் அந்தக் கம்பத்தை
ஏற்றி இறக்கியவன் நான்.
எனக்கு எது பிடிக்கும், சொல்லணுமா.

முன்னூற்று எட்டாம் பக்கம் புரட்டினேன்.
ஏட்டில்
எனக்கினியவள்.
பிரித்ததில்
எனக்கு இனி அவள்.
ஒரு மயிரிழை இடைவெளியில்
இனியவள் இறங்கிப் போயிருந்தாள்.

மைமூனுக்குப் போன் செய்தேன்.
மலையாளத்தில் படித்து
பொள்ளாச்சி பஸ் பலகையில்
தமிழ் எழுத்துக் கூட்டியவள்;
புத்தகம் கேட்டு மனு எழுதியதும் அவள்தான்.

'சேர்த்து எழுதினா மூச்சு முட்டுது சார்,
பிரிச்சதே எடுங்க.'

எடுத்தேன். பில் போட்டேன்.
பஸ்ஸில் மடியில் கனத்தது.

வெள்ளிக்கிழமை, முத்திரை மை காயுமுன்
அவளுக்கு அந்தப் பக்கமே விரிந்தது.
விரலை வைத்து வாசித்தாள்,
ஒவ்வொரு இடைவெளியிலும் நின்று:
எனக்கு. இனி. அவள்.

நிமிர்ந்தாள்.
'இனிமேன்னா,
அதுக்கு முன்னாடி யாரு சார்?'

தெரியலை மைமூன்.
இத்தனை வருஷம்
நான் அங்கே நிறுத்திப் பார்த்ததில்லை.